காலதரும் கதவடைப்பும்

சாளரத்திற்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர்களுள் ஒன்று ‘காலதர்’. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. புகார் மாளிகைகளின் காலதர்களைச் சிலப்பதிகாரம் மான்கண்ணுக்கு ஒப்பிடுகிறது.

நெடுநல்வாடையோ மறுபக்கத்தைக் காட்டுகிறது. வேனிலில் தென்றலைத் தந்த சாளரங்கள் கூதிரில் தாழிடப்படுகின்றன; தடவில் நெருப்பு எரிகிறது. வகுப்பறையில் அப்பகுதியை இல்லத்தின் இதமாகவே நாம் விளக்கி வந்துள்ளோம். அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரையே மாய்க்கும் என்பதை எண்ணியதில்லை.

அறைக்காற்றை அளந்து நெறி வகுத்தவர் மியூனிக் நகரின் பெட்டன்கோஃபர். கார்பன் டைஆக்சைடு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று 1858இல் எழுதினார். அவ்வாயுவை நஞ்சாகவன்றி, மூச்சால் காற்று கெட்டமைக்கு அளவுகோலாகவே அவர் கொண்டார்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மேலைநாட்டார் எரிபொருளைச் சேமிக்கக் கட்டடங்களை இறுக அடைத்தனர். புகைபிடியாத அலுவலகங்களில் ஆளொன்றுக்கு நிமிடத்திற்கு 5 கன அடி புதுக்காற்று போதும் என 1981இல் விதித்த அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பு, 1989இல் அதனை 20 ஆக உயர்த்தியது. இடையில் தலைவலி, கண்ணெரிச்சல் என்று முறையிட்டோர் பலர்.

நம் வீட்டுச் சுவரில் மாட்டிய குளிரூட்டியும் பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றையே சுழற்றுகிறது. சமைக்கும்போதும் பலர் கூடும்போதும் ஒரு காலதரையேனும் திறந்து வைப்போம்.