எழில் என்னும் கணினிமொழி

தேனாம்பேட்டையில் மௌண்ட் ரோட்டிலிருந்து உட்புறமாகப் பிரியும் ஒரு சந்தில், மாடியறையொன்றில் நடந்துவந்த தட்டெழுத்துப் பயிலகத்தில் நான் தமிழ் 'லோயர்' பரீட்சைக்குப் பயின்ற காலத்தில், என் விரல்களுக்கு மிகுந்த சிரமம் கொடுத்தது புள்ளிதான். கையால் எழுதுகிறவன் 'ப' என்று எழுதிவிட்டு அதன் தலையில் புள்ளி வைக்கிறான். இயந்திரத்திலோ முதலில் புள்ளியை அடிக்க வேண்டும். அது நகரா விசையாதலால் தாள் இருந்த இடத்திலேயே நிற்கும். பின்னர் எழுத்தை அடித்தால் அது புள்ளிக்குக் கீழே வந்து அமரும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்ற ரா. முத்தையா, ஆங்கிலத்துக்கென்று அமைந்த பொறியொன்றில் தமிழின் 247 எழுத்துகளையும் அடக்குவதற்குச் செய்த பிரயத்தனம் மகத்தானது. ஆயினும் இயந்திரத்தின் சௌகரியத்துக்காகத் தமிழ்க்கை தன் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதும் உண்மையே.

கணினி வந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. 1960-களில் கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு ஐ.பி.எம். 1620 வந்தது, 1973-இல் அடையாற்று ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தது. அட்டைகளில் துளையிட்டு ஃபோர்ட்ரான் எழுதிய நம் இளைஞர்கள், தமிழில் சிந்தித்ததை ஆங்கில வினைச்சொற்களின் வரிசையில் அடுக்கிக் கொடுத்தார்கள். அயல்நாடுகளிலோ ஆல்கால் 68 என்ற மொழியை ருசியம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகியவற்றிலும் எழுதுவதற்கு அக்காலத்திலேயே வழி செய்துகொண்டார்கள்.

நம்மவருள் முத்து அண்ணாமலை என்பவர் 2007-இல் வடிவமைக்கத் தொடங்கி, 2009 ஜூலையில் உலகுக்கு அறிவித்த நிரல்மொழியே 'எழில்'. பைத்தான் என்ற மொழியின் மேல் கட்டப்பட்டது. மூலநிரல் யாவருக்கும் திறந்தது. பள்ளிப் பிள்ளைகளை உத்தேசித்தது. அச்சிடுக என்பதற்குப் 'பதிப்பி', செயற்கூறுக்கு 'நிரல்பாகம்', விடையைத் திருப்பித் தருவதற்குப் 'பின்கொடு' என்று அதன் சொற்கள் அமைந்திருக்கின்றன. ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு அவ்விடத்தில் தமிழ்ச் சொல்லை வைப்பது எவருக்கும் இயலும். எழிலின் சிறப்பு அதனினும் ஆழமானது. ஒரு சிறு நிரலைப் பாருங்கள்:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் முயல்க"
முடி

ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் வாக்கியத்தின் தலையில் நிற்கும். தமிழில் அது நிபந்தனைக்குப் பின்னே விகுதியாகவோ தனிச்சொல்லாகவோ வந்து ஒட்டிக்கொள்ளும். 'மழை வந்தால்' என்கிறோமேயன்றி, 'ஆல்' என்று தொடங்கிப் பிறகு மழையைச் சொல்வதில்லை. ஆகவே அடைப்புக்குள் நிபந்தனையை முதலில் நிறுத்தி, 'ஆனால்' என்பதை அதன் பின்னே வைத்த இந்த ஏற்பாடு, கணினியைத் தமிழ் வாக்கியத்தின் போக்குக்கு இணங்கச் செய்தது. திரும்பத் திரும்பச் செய்யும் தொடர்களிலும் 'வரை', 'ஆக' என்னும் சொற்கள் இவ்வாறே நிபந்தனையின் பின்னேதான் நிற்கின்றன. 'ஆனால்' என்றதும் 'எனினும்' என்ற பொருளே இக்காலத்தவர் நினைவுக்கு வரக்கூடும். 'ஆகுமானால்' என்ற அதன் நேர்ப்பொருளைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லிவிட்டால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

மொழியைச் செய்தவர் அதைக் கற்கும் மார்க்கத்தையும் செய்தால்தான் அது பிழைக்கும். முத்து அண்ணாமலையும் எழுத்தாளர் என். சொக்கனும் சேர்ந்து 2013-இல் 'தமிழில் நிரல் எழுது' என்ற நூலை அளித்தார்கள். பெருந்தொழிற்சாலைகளுக்கும் வங்கிகளுக்கும் உரிய மென்பொருளை எழிலில் எழுதுவார் இல்லை. அது அதன் நோக்கமும் அன்று. ஆங்கிலம் வராததால் கணக்கே வராது என்று ஒரு பிள்ளை நம்பிவிடுகிறதே, அந்த நம்பிக்கையை முளையிலேயே களைவதற்கு இதைக் காட்டிலும் நேரான சாதனத்தை நான் கண்டதில்லை.

சென்ற கோடையில் எங்கள் தெருவில், மாநகராட்சிப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மேற்கண்ட நிரலைத் தானே தட்டிப் பார்த்துவிட்டு, 35-ஐ 40 ஆக மாற்றினாள். விடையும் மாறியதைக் கண்டு, தன் வகுப்பிலுள்ள அத்தனை பேருடைய மதிப்பெண்களையும் ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்கத் தொடங்கினாள். நம் பேட்டையிலுள்ள ஆசிரியர்கள் வரும் விடுமுறையில் ஒரு வார காலமேனும் இந்த மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பார்க்க வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.