நள்ளிரவுச் செவி

ஊர் உறங்குகிறது, சரக்குந்து ஓட்டுபவர் உறங்க முடியாது. காவற்காரர் கண்ணயர முடியாது. துணையற்றோர்க்கோ துயிலே வருவதில்லை. 1990-களில், அமெரிக்க நாட்டின் இத்தகைய இரவுக்குத் துணையாக ஒலித்தது ஒரு குரல். நெவாடா பாலையிலுள்ள பரம்ப் என்னும் சிற்றூரிலிருந்து ஆர்ட் பெல் நடத்திய ‘கோஸ்ட் டு கோஸ்ட் ஏ.எம்.’ எனும் வானொலி நிகழ்ச்சி அது.

பறக்கும் தட்டைக் கண்டேன் என்பார் ஒருவர். ஆவியோடு பேசினேன் என்பார் மற்றொருவர். தொலைபேசியில் அழைத்தோரை வடிகட்டாமல் பேசவிட்டார் பெல். எள்ளவில்லை; செவி கொடுத்தார். அந்தச் செவியே ஈர்ப்பு! பகலில் எவரும் கேளாத மனிதனை இரவில் ஒரு நாடே கேட்டது.

செவி மட்டும் போதுமா? 1996 நவம்பரில், ஹேல்-பாப் வால்மீன் அருகே மர்மப் பொருளொன்று வருவதாக ஒருவர் அந்நிகழ்ச்சியில் அறிவித்தார். அது வெறும் விண்மீனே என வானியலார் விளக்கினர். வதந்தியோ அடங்கவில்லை. 1997 மார்ச்சில், வால்மீனோடு வரும் விண்கலம் தம்மை ஏற்றிச் செல்லும் என நம்பி, கலிபோர்னியாவில் ‘ஹெவன்ஸ் கேட்’ குழுவினர் 39 பேர் உயிர்நீத்தனர். அந்தப் பொருள் உண்டெனினும் இல்லையெனினும் தமக்கு ஒன்றே என்று அவர்களே எழுதியிருந்தனர். ஆகவே வானொலிதான் கொன்றது என்பது வீண்பழி. ஆயினும், வினவாத செவி, மெய்க்கும் பொய்க்கும் சரியாசனம் தந்ததே!

2018-ல் பெல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பாடம் அறிவாளருக்கே. உறங்காதவன் அருகே அமர்க, எள்ளாது கேட்க, பின்னர், ‘எப்படி அறிந்தாய்?’ என அன்போடு வினவுக. கேளாத அறிவை விட்டு, கேட்கும் பொய்யிடம் மக்கள் செல்வதில் வியப்பென்ன?