குருதிவழியும் குற்றமும்

செங்கற்பட்டை அடுத்த திருமணியில், 1924ஆம் ஆண்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை நிறுவப்பெற்றது. 1955இல் நடுவண் அரசு அதனை ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. தொழுநோய் பரம்பரை வியாதி என்று ஐரோப்பிய மருத்துவர்களே ஒரு காலத்தில் எண்ணினர். 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் அதன் கிருமியைக் கண்டறிந்தார். அறிவுலகில் அக்கருத்து மெல்ல மறைந்தது. ஊரார் மனத்திலோ அது நிலைத்தது. வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால் பெண்ணுக்கு வரன் அமையாதென அஞ்சி மறைத்தனர். மறைத்ததனால் விரல்களை இழந்தனர்.

இன்று அவ்வச்சம் புற்றுநோயின்மீது படர்ந்துள்ளது. செங்கற்பட்டிலும் மாமல்லபுரக் கடற்கரைக் குப்பங்களிலும் மட்டுமன்று, எங்கும் திருமணப் பேச்சின்போது இந்நோய் மறைக்கப்படுகிறது. இவ்வச்சத்தில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என நாம் பகுத்தறிதல் வேண்டும்.

புற்றுநோய்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே பெற்றோர்வழி வந்த மரபணுக் குறையால் நேர்வன. அவற்றுள்ளும் மிக அரியதொரு வகை உண்டு. நம் உயிரணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. சிலரிடம் இரு குரோமோசோம்களின் துண்டுகள் முறிந்து, ஒன்றன் இடத்தில் மற்றொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எதுவும் குறையாமையால் அவர் நலமாகவே வாழ்வார். ஆயினும் முறிந்த இடம் சிலவேளை நோய்க்கு வாயிலாகிறது. 1979இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறைகளாகப் பத்துப் பேருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் கண்டதை ஆராய்ந்தனர். குரோமோசோம் சோதனைக்கு உட்பட்ட நோயாளர் எண்மரிடமும் 3ஆம், 8ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறியிருந்தன.

உறவுமுறைத் திருமணமே இதற்குக் காரணம் என்பாரும் உளர். அது பொருந்தாது. தாய், தந்தை இருவருள் ஒருவரிடம் இம்மாற்றம் இருந்தாலே அது பிள்ளைக்கு வரக்கூடும். ஏறத்தாழ இருவரில் ஒருவருக்கு வராமலும் போகும். வராத பிள்ளை அதனைத் தன் மக்களுக்குத் தருவதுமில்லை. இரத்தப் புற்றுநோய் ஒன்றில் 1960இல் கண்டறியப்பட்ட பிலடெல்பியா குரோமோசோமும் இத்தகைய துண்டு மாற்றத்தின் விளைவே, ஆனால் அது வாழ்நாளில் எலும்பு மச்சையில் தோன்றுவது, பிள்ளைகளுக்குச் செல்லாது.

மறைத்தலுக்கு எதிர்வழி காட்டியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், அத்துயரைப் பொதுப்பணியின் வித்தாக்கினார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தென்னிந்தியக் குடும்பங்களில் மார்பக, சூலகப் புற்றுநோய்க்குரிய மரபணு மாற்றங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். மனந்திறந்து குடும்ப வரலாற்றைச் சொன்னோர் இல்லையேல் அவ்வாய்வு இயன்றிராது.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்றே முதலில் வினவினர். ஆண்டவர் அவ்வினாவையே தள்ளினார். தொழுநோய் பரம்பரை நோயன்று. புற்றுநோய் சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வருகிறது. இரண்டிலும் குற்றவாளி எவருமிலர். எனவே, நெருங்கிய உறவினர் பலருக்கு ஒரே வகைப் புற்றுநோயோ, இளவயதிலேயே புற்றுநோயோ கண்டிருப்பின், அதனை மருத்துவரிடம் ஒளியாது கூறுவோம். பாட்டியின் நோயைப் பேத்தி அறிந்திருத்தல் பழியன்று. அவளைக் காக்கும் அரண்.