ஆடிப்பெருக்கின் மழை எங்கே பெய்தது?

ஆடி பதினெட்டு அன்று திருவையாறு படித்துறையில் கூட்டம் அலைமோதும். நல்ல வருஷமா இருந்தா காவிரி கரை தொட்டு ஓடும். ஆனா தலைக்கு மேல பாருங்க: வெயில், வறட்டுக் காற்று. எப்போதாவது சாயங்காலத்தில் ஒரு இடிமழை, அவ்வளவுதான். டெல்டாவின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்புறம் ஆடியில் ஆறு பெருகுவது எந்த மழையில்?

குடகு மழையில். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் ஈரத்தோடு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறினால் குளிரும், குளிர்ந்தால் ஈரம் மழையாகக் கொட்டும். ஆவி நீராகும்போது வெப்பத்தை வெளிவிடுவதால் அந்தக் காற்று கிலோமீட்டருக்கு 5, 6 டிகிரிதான் குளிர்கிறது. மலை தாண்டி இறங்கும்போது கிட்டத்தட்ட 10 டிகிரி வீதம் சூடாகிறது. ஆக, ஈரத்தை அங்கே கொட்டிவிட்டு, கூடுதல் சூட்டோடு நம்ம பக்கம் வந்து சேர்கிறது. அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று இதுதான்.

நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம், அந்த மழையில் ஒரு பங்கு முகட்டைத் தாண்டி கிழக்குச் சரிவிலும் விழுவது. தலைக்காவிரியிலிருந்து அரபிக்கடல்தான் பக்கம். இருந்தும் ஆறு கிழக்கே திரும்பி, ஹேமாவதியையும் கபினியையும் சேர்த்துக்கொண்டு, 800 கிலோமீட்டர் நடந்து நம்மிடம் வருகிறது.

1924-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் மைசூரும் சென்னை மாகாணமும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஜூலையில் மலைமேல் பேய்மழை. மேற்கே மூணாறின் குண்டளை ரயில்பாதை அடித்துக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அதை ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்கிறார்கள். அதே மழைக்காலத்தில் கிழக்கே காவிரியும் கொள்ளிடமும் பெருவெள்ளம் கண்டன. இதைக் கேரள வெள்ளமாக மட்டும் எழுதுவது பாதிக் கதை என்பது என் எண்ணம். முகடு ஒரே மழையை இரண்டு கடல்களுக்குப் பிரித்து அனுப்பியது.

மறுவருஷம் மேட்டூர் அணை வேலை தொடங்கி 1934-ல் முடிந்தது. கொள்ளளவு 93.47 டிஎம்சி. எங்க தொழில் பாஷையில் சொன்னா அது ஒரு பஃபர். அதுவரை தமிழகப் பக்கம் காவிரி வெள்ளத்தைப் பிடித்து வைக்கப் பெரிய அணை கிடையாது. வந்த தண்ணி வந்த வேகத்தில் கடலுக்குப் போகும். அணை வந்த பிறகு ஜூன் 12 என்று ஒரு தேதி உண்டாச்சு, அதை நம்பிக் குறுவை நாற்று விட்டார்கள்.

ஆனா பஃபர் நிரம்பணுமே. மேலே கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பிய பிறகுதான் இங்கே பெரிய வரத்து. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை, 2020-ல்தான் திறந்தது. அந்த வருஷங்களில் ஆற்றுத்தண்ணியை மட்டும் நம்பியவருக்குக் குறுவை இல்லை; போர்செட் வைத்திருந்தவர் நட்டார். ஜூன் மாதம் மன்னார்குடி டீக்கடையில் மடிக்கேரி மழையைப் பற்றிப் பேசுவது இதனால்தான்.

சம்பா கதை வேற. அதன் பின்பாதிக்கு வங்கக்கடல் மழை கைகொடுக்கும். அதை இன்னொரு பதிவில் பார்ப்போம்.