பிளாஸ்டிக் புல்லும் அப்பாவோட கட்டைவிரலும்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எல்லாரும் கரும்பு கடிச்சிட்டு இருக்க, நான் வாசல்ல குப்புறப் படுத்துப் புல்லு ஒட்டிட்டு இருந்தேன். அந்தக் கதையத்தான் எழுத உக்காந்தேன். அது அமெரிக்கா, கனடானு எங்கெங்கயோ சுத்திட்டுத்தான் வீட்டுக்கு வந்துச்சு. பொறுமையா படிங்க மக்களே, கடைசியில உருப்படியா ஒரு விஷயம் இருக்கு.

எங்க ஊரு விருதுநகர். கரிசக்காடு. வீட்டுக்கு முன்னால ஒரு துண்டு இடம் உண்டு, அதுல புல்லு வளர்க்கணும்னு அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. குடத்தோட குழாயடியில நின்ன ஊருல புல்லாவது பூண்டாவது! ரெண்டு வருசம் முன்னாடி, நாலு காசு சம்பாதிக்கிற தைரியத்துல, நான்தான் செயற்கைப் புல் வாங்கி விரிச்சேன். "தண்ணியே வேணாம், பராமரிப்பே வேணாம் சார்"னு கடையில சொன்னத அப்படியே நம்பிட்டேன்.

தீபாவளிக்கு அக்கா பசங்க புஸ்வாணம் விட்டாங்க. பொறி பறந்து புல்லுல விழுந்துச்சு. பாலிஎத்திலீன் 110-130 டிகிரியில உருகிடும். மத்தாப்புப் பொறியோ ஆயிரத்தைத் தொடும். காலையில பாத்தா உள்ளங்கை அகலத்துக்குக் கறுகிக் கெடக்கு. சிவகாசியில 1920கள்ல தீப்பெட்டித் தொழில் ஆரம்பிச்சு, அப்புறம் பட்டாசும் சேர்ந்து நிலைச்சதுக்கு எங்க பக்கத்து வறண்ட வானமும் ஒரு காரணம். எங்க வாசல்ல நிஜப் புல் முளைக்காததுக்கும் அதே வானம்தான் காரணம். ரெண்டும் வாசல்ல மோதிக்கிச்சு.

நான் எஞ்சினியர் இல்லையா? மிச்சமிருந்த துண்டை வெட்டி, மரத்துக்குப் போடுற வெள்ளைப் பசையில ஒட்டிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறிட்டேன். கார்த்திகை மழையில பசை கரைஞ்சு ஓரம் தூக்கிருச்சு. சாயங்காலம் வெறுங்கால்ல நடக்குற அப்பா, அதுல கட்டைவிரல் மாட்டி விழுந்துட்டாரு. மணிக்கட்டுல மாவுக்கட்டு. போன்ல கேட்டா, "ஒண்ணுமில்லப்பா, நீ வேலையப் பாரு"ங்கறாரு. எனக்கு ரெண்டு நாள் தூக்கமில்ல. அப்பதான் இந்தப் புல்லோட பூர்வீகத்தைத் தேட ஆரம்பிச்சேன்.

1965ல ஹூஸ்டன் நகரத்துல ஆஸ்ட்ரோடோம்னு கூரை போட்ட பேஸ்பால் மைதானம் திறந்தாங்க. உள்ள நிஜப் புல்லு, வெளிச்சம் வர கூரையில கண்ணாடி மாதிரிப் பலகைங்க. கண்ணு கூசுது, உயரத்துல வர்ற பந்து தெரியலனு ஆட்டக்காரங்க புலம்ப, கூரைக்குப் பெயிண்ட் அடிச்சாங்க. பந்து தெரிஞ்சுது, புல்லு செத்துப்போச்சு! 1966ல மான்சாண்டோ கம்பெனியோட நைலான் புல்லை விரிச்சாங்க. கெம்கிராஸ்னு இருந்த பேரு, அந்த மைதானத்தால ஆஸ்ட்ரோடர்ஃப் ஆச்சு. ஆக, வெயில் கிடைக்காத இடத்துல பேரெடுத்த புல்லை, வெயிலைத் தவிர எதுவும் கிடைக்காத விருதுநகர்ல நான் விரிச்சிருக்கேன்!

அடுத்தது நம்ம ஹாக்கி. 1975ல கோலாலம்பூர்ல உலகக் கோப்பை ஜெயிச்ச இந்தியா, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ல ஏழாவது இடம். ஒலிம்பிக் ஹாக்கி முதல்முறையா செயற்கைத் தரையில நடந்தது அங்கதான். தரைதான் காரணமானு ரசிகர்கள் இன்னும் சண்டை போடுறாங்க, நான் அதுக்குள்ள வரல. 1980 மாஸ்கோவுல நம்ம வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில தங்கம் வாங்குனதும் செயற்கைத் தரையிலதான். எங்களுக்குப் பக்கத்துல கோவில்பட்டி, மண்ணுல மட்டை பிடிச்சுப் பேரு வாங்குன ஊரு. பின்னாடி அங்கயும் செயற்கைத் தரை வந்துச்சு. கோவில்பட்டி விடுதியில பயிற்சி எடுத்த மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடுனாங்க. இந்த ஹாக்கித் தரைகளுக்கு ஆட்டத்துக்கு முன்னாடி தண்ணி அடிச்சு நனைக்கணும். பந்து சீரா ஓடணும், விழுந்தா தோல் உரியக் கூடாது. "தண்ணியே வேணாம் சார்" ஞாபகம் வந்துச்சு.

ஆனா எனக்குச் சுருக்குனு பட்டது ஃபிலடெல்பியா கதை. அங்க வெட்டரன்ஸ் ஸ்டேடியத்துல ஒரே தரையில பேஸ்பாலும் அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆடுனாங்க. 1993ல வெண்டெல் டேவிஸ்ங்கிற வீரருக்கு அங்க கால் சிக்கி ரெண்டு முழங்கால் தசைநாரும் அறுந்துபோச்சு. 2001ல தரையைப் புதுசாவே மாத்துனாங்க. ஆனா பேஸ்பாலுக்கு வெட்டி, மறுபடி மூடுன இடம் சமமா உக்காரல. பால்டிமோர் அணி கோச் ஆட மாட்டேன்னுட்டாரு. ஆட்டமே ரத்து! அவ்வளவு பெரிய மைதானத்துலயே காலை வாருனது ஒட்டுப்போட்ட ஓரம்தான். ஓட்டை இருந்தா ஆளு பாத்து நடப்பாரு. ஓட்டையை அரைகுறையா மூடுனா நம்பி நடப்பாரு. நான் அப்பாவுக்குப் பண்ணது அதைத்தான்.

பொங்கல் லீவுல ஒழுங்கா செஞ்சேன். கறுகுன இடத்தைச் சதுரமா, அடித்துணியோட வெட்டி எடுத்தேன். புதுத் துண்டு பளிச்னு தனியாத் தெரியும்ங்கறதால, அதே வெயில்ல வெளுத்த மூலையில இருந்து ஒட்டு எடுத்து, புதுத் துண்டை மூலைக்குத் தள்ளிட்டேன். இழை சாயுற திசை ரெண்டுக்கும் ஒண்ணா இருக்கணும். அடியில ஜாயின்ட் டேப், அதுமேல தண்ணிக்கு அசையாத பாலியூரிதேன் பசை. ஓரம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறக் கூடாது, நடுவுல இழை சிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க செங்கல் பாரம். அப்புறம் காய்ஞ்ச சிலிக்கா மணல் தூவி, எதிர்த் திசையில பிரஷ் போட்டு இழையை நிமிர்த்துனேன்.

அப்பா வந்து கட்டைவிரலால ஓரத்தைத் தடவித் தடவிப் பாத்தாரு. "இப்ப மாட்டல"ன்னாரு. கேம்பஸ்ல வேலை கிடைச்சப்பக்கூட இவ்வளவு சந்தோசப்படல.

டிஸ்கி: அம்மா மட்டும், "நான் கேட்டது புல்லு, இது பாயி"ங்கறாங்க. அதுக்குப் பதில் எந்த வரலாத்துலயும் கிடைக்கல. தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா!