மாதிரி விமான மின்மோட்டர்

மாதிரி விமானத்தின் புரொப்பெல்லரைப் பற்றரி மின்சாரத்தில் சுழற்றும் கருவி. வானொலிக் கட்டுப்பாட்டில் மின்விமானம் பறந்ததாக முதலில் பதிவானது 1957 ஜூன் 30இல்; பறக்கவிட்டவர் இங்கிலாந்தின் கேணல் டப்ளின், விமானம் ‘ரேடியோ குயீன்’.

இன்று பிரஷ்லெஸ் (தூரிகையற்ற) மோட்டர்களே பெருவழக்கு. நல்லவற்றின் வினைத்திறன் 80 சதவீதத்தைத் தாண்டும். மூன்று கலங்கள் கொண்ட 11.1 வோல்ற்று லிதியம் பொலிமர் பற்றரி 20 அம்பியர் தந்தால் வலு 222 உவாற்று. ஒரு கிலோ எடையுள்ள பயிற்சி விமானத்துக்கு அது தாராளம். வினைத்திறன் 80 சதவீதம் என்றால் ஏறத்தாழ 44 உவாற்று வெப்பமாகப் போகும். கொழும்பு வெயிலில் மோட்டருக்குக் காற்றோட்ட வழி வைத்தே ஆகவேண்டும்.

ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே மோட்டரின் கேவி எண். எண் கூடிய மோட்டரில் பெரிய புரொப்பெல்லரைப் பூட்டினால் மின்னோட்டம் எகிறிச் சுருள் கருகும்.

கொழும்பின் வெள்ளவத்தைக்குத் தெற்கே இரத்மலானை விமான நிலையம் இருப்பதால், அப்பகுதியில் மாதிரி விமானத்தைப் பறக்கவிடுமுன் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளை அறிந்துகொள்வது அவசியம்.