கலோரிக் கணக்கும் காய்கறியும்

உடல் எடையைக் குறைக்க விரும்புவோர், தாம் உண்பவற்றை நிறுத்தும் அளந்தும் கலோரிக் கணக்கு எழுதி வருவது இந்நாளில் பரவலான வழக்கமாகிவிட்டது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் இக்கணக்கு நுழைந்திருக்கிறது. எழுதத் தொடங்கிய சில நாட்களிலேயே ஓர் ஐயம் எழுகின்றது. சோறு, சப்பாத்தி, நெய் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. கீரையையும் புடலங்காயையும் வெள்ளரிக்காயையும் சேர்க்க வேண்டுமா, வேண்டாமா?

வினா சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் இதற்கு நாம் கொள்ளும் விடையைப் பொறுத்தே நம் தட்டில் காய்கறி கூடுவதும் குறைவதும் அமைகின்றன. எல்லாவற்றையும் எண்ணுவோர், எண்ணிக்கைக்கு அஞ்சிக் கீரையையும் குறைத்துவிடுகின்றனர். எதையும் எண்ணாதோர், காய்கறி என்ற பெயரால் கிழங்கு வறுவலைத் தாராளமாக உண்கின்றனர். இவ்விரு தவறுகளையும் தவிர்க்க வேண்டுமானால், இக்கணக்கு எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம்.

உணவு உடலுக்குள் எரிந்து வெப்பம் தருகின்றது என்ற உண்மையை அளந்து காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவாசியே. 1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவரும் கணித மேதை லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலம் ஒன்றினுள் கினிப்பன்றி என்னும் சிறு பிராணியை வைத்தனர். அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகிற்று என்று அளந்தனர். மூச்சு விடுதலும் ஒருவகை மெல்லிய எரிதலே என்ற முடிவுக்கு வந்தனர். பின்னர் 1820ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பாரிசு நகரில் நிக்கோலா கிளெமான் என்ற ஆசிரியர் நீராவி எந்திரங்களைப் பற்றி விரிவுரை ஆற்றுகையில் ‘கலோரி’ என்ற அளவையை வழங்கினார். ஒரு கிலோ நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்தத் தேவையான வெப்பமே இன்று நாம் உணவுக் கணக்கில் எழுதும் கலோரி. எந்திரத்துக்கு ஏற்பட்ட அளவை மனிதனுக்கு வந்து சேர்ந்த கதை இதுவாகும்.

உணவுப் பண்டங்களுக்கு இவ்வளவையைப் பட்டியலிட்டு மக்களிடம் கொண்டு சேர்த்தவர் அமெரிக்க விஞ்ஞானி வில்பர் அட்வாட்டர். கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுன் நகரிலிருந்த வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய துணைவர்களும், ஒரு மனிதன் நாட்கணக்கில் உள்ளேயே தங்கி உண்டு உறங்கி உழைக்கக்கூடிய சிறு அறை ஒன்றை அமைத்தனர். அவன் உட்கொண்டதையும் வெளிவிட்டதையும் ஒன்றுவிடாமல் அளந்தனர். புரதம் ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9, மாச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி என்று இன்றும் நாம் கையாளும் எண்கள் அவ்வாராய்ச்சியின் பயன்கள். 1896ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அமெரிக்க உணவுப் பண்டங்களின் பட்டியல், பிற்காலப் பட்டியல்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று.

அட்வாட்டர் எவருடைய எடையையும் குறைக்கப் புறப்பட்டவர் அல்லர் என்பதை இங்கே நாம் கருத வேண்டும். தொழிலாளி தன் குறைந்த கூலியில் உழைப்புக்கு வேண்டிய சத்தைப் பெறுவது எப்படி என்பதே அவர் ஆராய்ந்த பொருள். ஒரே விலைக்கு எந்தப் பண்டம் மிகுதியான கலோரி தருகிறது என்று அவர் கணக்கிட்டார். அக்கணக்கில் கோதுமை மாவும் மொச்சை வகைகளும் உயர்ந்து நின்றன. இலைக்கறிகளும் நீர் மிகுந்த காய்களும் தாழ்ந்து போயின. ஏழை தன் காசைக் கீரையில் செலவிடுவது சிக்கனமன்று என்பது அவருடைய அறிவுரை. ஆக, காய்கறியைக் கலோரிக் கணக்கு முதன்முதலில் சந்தித்தபோது அதைப் பயனற்றது என்று ஒதுக்கிவிட்டது எனலாம்.

அந்தத் தீர்ப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1912ஆம் ஆண்டில் காசிமிர் ஃபங்க் ‘வைட்டமின்’ என்ற சொல்லைப் படைத்தார். எரிதலால் அளக்க முடியாத நுண்ணிய சத்துக்கள் உணவில் உள்ளன என்பது தெளிவாயிற்று. அமெரிக்க அறிஞர் எல்மர் மெக்காலம் பாலையும் இலைக்கறிகளையும் ‘பாதுகாப்பு உணவுகள்’ என்று போற்றினார். கலோரியை மட்டும் பார்த்தவர் கழித்த கீரை, இவ்வாறு மீண்டும் மதிப்புப் பெற்றது.

இதற்குள் கணக்கின் நோக்கமும் மாறத் தொடங்கியது. 1918ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சேர்ந்த டாக்டர் லூலு ஹண்ட் பீட்டர்ஸ் என்ற அம்மையார், எடை குறைக்க விரும்புவோருக்காக ஒரு நூல் எழுதினார். ரொட்டித் துண்டு என்றோ இறைச்சித் துண்டு என்றோ எண்ணாமல், இத்தனை கலோரி ரொட்டி, இத்தனை கலோரி இறைச்சி என்றே எண்ணப் பழகுமாறு அவர் கூறினார். ஒவ்வோர் உணவிலும் 100 கலோரி தரும் அளவு எது என்று பட்டியல் தந்தார். அந்த அளவு வெண்ணெயில் ஒரு சிறு கட்டியில் அடங்கும். வெள்ளரிக்காயிலோ ஒரு கூடைக்கு அருகில் வரும். தொழிலாளிக்குக் குறையாகக் காட்டப்பட்ட அதே எண், எடை குறைப்போருக்கு நிறைவாகத் தோன்றிற்று. காயும் மாறவில்லை, கலோரியும் மாறவில்லை. கேட்பவரின் தேவைதான் மாறியது.

நம் நாட்டில் இக்கணக்கு வேரூன்றிய இடம் நீலகிரி மலையிலுள்ள குன்னூர் என்பது தமிழராகிய நமக்குப் பெருமை தருவதாகும். அங்கே பாஸ்டர் நிலையத்தில் 1918ஆம் ஆண்டில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே பின்னர் உணவுச்சத்து ஆராய்ச்சிச்சாலையாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து அவர் ஒப்பிட்டார். முழுக்கோதுமைச் சப்பாத்தியும் பாலும் பருப்பும் பச்சைக் காய்கறியும் அடங்கிய சீக்கியரின் உணவு எலிகளைச் செழிப்பாக வளர்த்தது. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவு பின்தங்கிற்று. வடபுலத்தில் குடியேறிய நம்மவர் இன்று இருவகை உணவையும் ஒரே சமையலறையில் ஆக்குகின்றனர். அவர்களுக்கு இச்செய்தி சிந்தனைக்கு உரியது.

மெக்காரிசனுக்குப் பின் 1935ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டு, 1937ஆம் ஆண்டில் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை விசாரித்த குழுவிலும் அவர் இடம் பெற்றார். பட்டினியை விரட்டவே அவர் காலத்தில் கலோரிகள் எண்ணப்பட்டன என்பதை இதனால் உணரலாம். அந்த ஆராய்ச்சிச்சாலை 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாறி, 1969ஆம் ஆண்டில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அந்நிறுவனம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட புதிய பட்டியலில் 528 உணவுகள் இடம் பெற்றுள்ளன.

குன்னூர்ப் பட்டியல் நம் வினாவுக்கு மிகவும் உதவுகின்றது. காய்கறி அனைத்தையும் ஒரே கூடையில் போடாமல், இலைக்கறிகள், வேர் மற்றும் கிழங்கு வகைகள், பிற காய்கள் என்று அது மூன்றாகப் பிரித்தது. எண்கள் இந்தப் பிரிவின் தேவையைக் காட்டுகின்றன. நம் நாட்டுப் பட்டியல்களின்படி 100 கிராம் சுரைக்காயில் சுமார் 12 கலோரியும், புடலங்காயில் 18 கலோரியும், கத்தரிக்காயில் 24 கலோரியும், முட்டைக்கோசில் 27 கலோரியும் உள்ளன. அதே எடையுள்ள சேனைக்கிழங்கில் சுமார் 79, உருளைக்கிழங்கில் 97, சர்க்கரைவள்ளியில் 120, மரவள்ளியில் 157 கலோரி உள்ளன. சுரைக்காய்க்கும் மரவள்ளிக்கும் இடையே பதின்மூன்று மடங்கு வேற்றுமை இருக்கின்றது. மண்ணில் விளைவன எல்லாம் கனமானவை என்று எண்ணுவதும் பொருந்தாது. வெள்ளை முள்ளங்கியில் 17 கலோரியே உண்டு.

கிழங்கின் வலிமைக்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 1942ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமானபின் அங்கிருந்து அரிசி வருவது நின்றது. அப்போது திருவிதாங்கூர் மக்கள் பலரின் பசியைத் தணித்தது மரவள்ளிக்கிழங்கு. சோற்றுக்கு மாற்றாக நின்று உயிர் காத்த பொருளை, எடை குறைக்கும் வேளையில் கணக்கில் வராத காய் என்று விட்டுவிடுவது எங்ஙனம் பொருந்தும்?

பிற்கால அனுபவமும் இவ்வழியே சென்றது. 1963ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் அம்மையார் நிறுவிய ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்ற அமைப்பு, பின்னாளில் கலோரிக்கு மாற்றாகப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. 2010ஆம் ஆண்டில் வகுத்த திட்டத்தில் பெரும்பாலான காய்கறிகளுக்குப் புள்ளி பூச்சியம் என்று வைத்தது. உருளைக்கிழங்கு போன்ற மாச்சத்து மிகுந்தவற்றுக்கு மட்டும் புள்ளி இட்டது. நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் உண்ண வேண்டும் என்று கூறும் உலகச் சுகாதார நிறுவனமும் அந்த 400 கிராமில் கிழங்கு வகைகளைச் சேர்ப்பதில்லை.

இனி, எண்ணாமல் விட்டால் தீங்கு நேராதா என்று நேயர்கள் கேட்கலாம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் அம்மையாரும் துணைவர்களும் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தருகின்றது. உணவுக்கு முன் பச்சைக் காய்க் கலவை 300 கிராம் உண்டவர்கள், அதையும் சேர்த்தே அவ்வேளையில் சுமார் 12 விழுக்காடு குறைவான கலோரி உட்கொண்டனர். வயிறு நிறைந்ததால் பின்வந்த உணவு குறைந்தது. ஆனால் அதே அளவு கலவையில் கொழுப்பு மிகுந்த சாறும் பாலாடைக்கட்டியும் சேர்த்தபோது, உட்கொண்ட கலோரி சுமார் 17 விழுக்காடு உயர்ந்தது. காய் செய்த உதவியை அதனுடன் சேர்ந்தது கெடுத்துவிட்டது.

நம் அடுப்பங்கரையில் இதனைப் பொருத்திப் பார்ப்போம். 200 கிராம் புடலங்காயில் 36 கலோரிதான் உண்டு. அதனைப் பொரியலாக்க ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றினால் சுமார் 120 கலோரி சேர்கின்றது. 15 கிராம் தேங்காய்த் துருவல் தூவினால் மேலும் ஏறத்தாழ 67 கலோரி. பொரியலின் 223 கலோரியில் காயின் பங்கு ஆறில் ஒன்றுக்கும் குறைவு. காயை எண்ணி எண்ணெயை மறந்தவர் கணக்கின் பெரும்பகுதியைத் தவற விட்டவராவார்.

வெளி மாநிலங்களில் வாழ்வோர்க்கு இன்னொரு கவனமும் தேவை. வடநாட்டில் ‘சப்ஜி’ என்ற ஒரே சொல்லில் பாலக் கீரையும் அடங்கும், ஆலூவும் அடங்கும். காலிபிளவரோடும் பட்டாணியோடும் உருளைக்கிழங்கு கூடியே வருகின்றது. வங்காளத்துக் கூட்டுக்கறிகள் பலவற்றில் அது இன்றியமையாதது. குஜராத்தியர் குளிர்காலத்தில் விரும்பி ஆக்கும் ‘உந்தியு’ என்பதில் கத்தரிக்காயும் அவரைக்காயும் உண்டு. அவற்றோடு வள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் நிறைந்த எண்ணெயும் உண்டு. அண்டை வீட்டார் அன்போடு அளிக்கும் இவற்றை மறுக்க வேண்டியதில்லை. உண்டபின், இன்று வெறும் காய்தான் உண்டோம் என்று எழுதாமல் இருந்தால் போதும்.

ஆகவே வரலாறு நமக்குக் காட்டும் நெறி இது. கீரைகளையும், சுரை, புடல், பீர்க்கு, பூசணி, வெள்ளரி, கத்தரி, வெண்டை, முள்ளங்கி, கோசு போன்றவற்றையும் நாளும் நிறைய உண்போம். அவற்றின் கலோரியை எண்ணிக் காலம் கழிக்க வேண்டா. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை ஆகியவற்றில் 100 கிராமுக்கு 90 கலோரிக்குச் சற்று மேல் இருப்பினும், ஒருவர் ஒருவேளைக்கு உண்ணும் அளவு சிறிதாதலின் அஞ்ச வேண்டியதில்லை. உருளை, சேனை, சேம்பு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், பட்டாணி ஆகியவற்றைச் சோற்றோடும் சப்பாத்தியோடும் ஒன்றாக வைத்து எண்ணுவோம். எண்ணெய், நெய், தேங்காய் ஆகியவற்றைக் கரண்டி அளவோடு தவறாமல் எழுதுவோம். நீரிழிவு, சிறுநீரக நோய் முதலியன உடையோர் மருத்துவர் கூறும் அளவையே பின்பற்றுதல் வேண்டும்.

பசித்தவன் வயிற்றை நிரப்புவதற்காகப் பிறந்த கணக்கு, இன்று மிகுதியாக உண்பவர் கைக்கு வந்திருக்கிறது. அதை முறையறிந்து ஆள்வோமாயின், எடையும் குறையும். தட்டில் கீரையும் குறையாது.